எண்ணாமல் விட்டவர்கள்

நான் போட்ட நடைபாதைகளில் பெரும்பாலானவற்றில் நடக்க முடியாது. போடும்போதே அது எனக்குத் தெரியும்.

உள்ளாட்சியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவன் நான். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஊரைச் சொன்னால் பழி அலுவலகத்தின் மேல் போய்விடும். இங்கே நான் எழுத வந்தது என்னைப் பற்றி.

ஓய்வுபெற்ற அதிகாரிகள் எழுதுவதை நானும் படிக்கிறேன். மேலிடம் நெருக்கியது, ஒப்பந்ததாரர் மிரட்டினார், நேர்மையாக இருந்ததற்கு இடமாற்றம் வந்தது என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. நான் காசு வாங்கியதும் இல்லை. அதை ஒரு பெருமையாகவே நெடுங்காலம் வைத்திருந்தேன், அந்தப் பெருமைக்குப் பின்னால் மற்றதை மறைத்துக்கொண்டேன். மற்றது என்னவென்றால், சாலையில் நடந்து போகிற மனிதரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் வேலை கூடும், நாலு பேரைப் பகைத்துக்கொள்ள வேண்டிவரும் என்பதால் எடுக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை வேலை தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். ஒரு சாலையை அகலப்படுத்துவதற்கு முன், சிக்னல் வைப்பதற்கு முன், வாகனக் கணக்கெடுப்பு நடக்கும். சாலையோரம் நாற்காலி போட்டு நாலு பையன்கள் உட்கார்ந்து, தாளில் ஐந்தைந்தாகக் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோடுகளைப் பிறகு ‘பிசியு’வாக மாற்றுவோம். பாசஞ்சர் கார் யூனிட். நகரச் சாலைகளுக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட அட்டவணை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். கார் என்றால் 1. இருசக்கர வண்டி 0.5, அதன் பங்கு அதிகமானால் 0.75. ஆட்டோ 1.2, அதிகமானால் 2. பஸ்ஸும் லாரியும் 2.2, அதிகமானால் 3.7. சைக்கிளுக்கும் ஒரு வரி உண்டு, 0.4. நடப்பவருக்கு வரி இல்லை. அறுபது பேரோடு வரும் பஸ், மூன்றரைக் காருக்கு மேல் இடத்தை அடைக்கிற பொருளாகவே அதில் இருக்கும். உள்ளே இருக்கிற அறுபது பேர் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்கள்.

அட்டவணையின் மேல் குற்றம் சொல்லவில்லை. சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக வகுத்தது அது, அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. அதை மட்டும் வைத்து முழுச் சாலையையும் வரைந்தது நான். மதில் முதல் மதில் வரை இருக்கும் அகலத்தில் முதலில் வண்டிகளுக்கு அளந்து கொடுப்பேன். பிறகு கார் நிறுத்த. பிறகு வடிகால். கடைசியில் மிஞ்சியது நடைபாதை. சில இடங்களில் மிஞ்சியது இரண்டடி. அதற்கும் பேவர் பிளாக் போட்டு, கர்ப் கல் நட்டு, மஞ்சளும் கறுப்பும் அடித்து, படம் எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

விதிகள் இல்லாமலில்லை. பாதசாரி வசதிகளுக்கான சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி 2012இல் திருத்தி வெளியிடப்பட்டது. என் மேசை டிராயரில் ஒரு பிரதி இருந்தது. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர். உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, அதாவது அரையடி. வீட்டு வாசல்களில் நடைபாதை கீழிறங்கக் கூடாது, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். இதையெல்லாம் படித்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் இளையவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

நான் போட்டதோ ஒன்றரை அடி உயரம். காரணம் இதுதான். மழைநீர் வடிகாலின் மூடிப் பலகைதான் எங்கள் ஊர்களில் நடைபாதை. வடிகால் கட்டும்போது அதன் மேல்மட்டத்தைச் சாலையைவிட நன்றாக உயர்த்தி வைப்போம். சாலை எப்படியும் ஏறும் என்று எங்களுக்குத் தெரியும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, தெருவாசிகளின் வாசற்படிகளை நாங்கள்தான் பள்ளமாக்கினோம். மேற்பரப்பைச் சுரண்டிய பிறகுதான் மறுதளம் போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே எழுத வேண்டியிருந்தது. அது வருவதற்கு முன் நான் ஏற்றிய சாலைகள் ஏறியபடியே இருக்கின்றன. உயரத்துக்கு இன்னொரு காரணமும் வைத்திருந்தேன், உயரமாக இருந்தால் பைக் ஏறாது. பைக்கைத் தடுக்கச் சக்கர நாற்காலி நுழையுமளவு இடைவெளி விட்டுக் குட்டைத் தூண்கள் நட்டால் போதும். அது தனி ஐட்டம், தனி விலைப்பட்டியல், தனி ஒப்புதல். உயர்த்திவிடுவது சுலபம். அதனால் பைக்கைத் தடுக்கிறேன் என்று கிழவிகளைத் தடுத்தேன்.

ஒரு வீட்டு வாசலுக்கு ஒன்றரை அடி இறங்கி, மறுபடி ஏறி, அடுத்த வாசலில் இறங்கி ஏறும் பாதையில் யார் நடப்பார்கள்? யாரும் நடக்க மாட்டார்கள். சாலையில் இறங்கித்தான் நடப்பார்கள். பிறகு நாங்களே கூட்டங்களில், “மக்களுக்கு நடைபாதையைப் பயன்படுத்தும் பழக்கம் இல்லை” என்று பேசுவோம். அந்த வாக்கியத்தை நானும் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

அளவுப் புத்தகத்தில், நாங்கள் எம்-புக் என்போம், நடைபாதை நீளம் பெருக்கல் அகலம் என்று சதுர மீட்டரில் ஏறும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், ஈ.பி. பில்லர் பெட்டி நிற்கும், புங்கமரம் நிற்கும். பணம் கொடுக்க அவை தடையில்லை, சில்லறைப் பரப்பைக் கழித்துக்கொள்வோம். அவற்றைச் சுற்றி ஒரு ஆள் போக வழி உண்டா என்று கேட்கும் கட்டம் எம்-புக்கில் இல்லை. நானும் கேட்கவில்லை.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் டைல்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீளக் கோடுகள் போட்ட டைல்ஸ் என்றால், ‘இப்படியே போகலாம்’. புள்ளிகள் போட்டது என்றால், ‘நில், முன்னால் ஏதோ இருக்கிறது’. கோலாலும் பாதத்தாலும் தடவிப் படிக்கிற எழுத்து அது. ஒரு வேலையில் ஒப்பந்ததாரரிடம் கோடு டைல்ஸ் தீர்ந்துவிட்டது. மார்ச் 31க்குள் பில் போடாவிட்டால் நிதி காலாவதியாகும். “புள்ளியே போட்டுக்கலாமா சார், ரெண்டும் மஞ்சள்தானே?” என்றார். சரி என்றேன். தெரு முழுக்க ‘நில், நில்’ என்று எழுதிவைத்தேன். இன்னொரு தெருவில் கோடு டைல்ஸ் நேராகப் போய் பில்லர் பெட்டியில் முட்டி நின்றது. இரண்டுக்கும் பணி முடிவுச் சான்றில் கையெழுத்து என்னுடையது. இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அந்த இரண்டு டைல்ஸுக்கும் வேறுபாடு தெரிந்த சிலரில் நானும் ஒருவன்.

திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் வரும் மனுக்கள் எங்கள் பிரிவுக்கு அனுப்பப்படும். ஒருமுறை மனுவோடு ஓர் அம்மாவே அலுவலகம் வந்துவிட்டார். முழங்கால் தேய்ந்தவர். ரேஷன் கடைக்குப் போகும் வழியில் நடைபாதையில் ஏற முடியவில்லை, ரோட்டில் நடந்தால் வண்டிக்காரர்கள் வைகிறார்கள் என்று மகனை விட்டு எழுதி வாங்கியிருந்தார். “ஒசரத்தக் கொறைக்க முடியலன்னா புடிச்சு ஏற ஒரு கம்பியாவது வெச்சுக் குடுங்க ஐயா” என்றார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுக்கச் சொன்னேன், பார்க்கிறேன் என்றேன். அன்று மாலையே பதில் எழுதினேன்: ‘நடைபாதை மழைநீர் வடிகாலின் மட்டத்திற்கேற்ப அமைக்கப்பட்டுள்ளதால் மனுதாரரின் கோரிக்கை ஏற்பதற்கில்லை.’ மனு முடித்துவைக்கப்பட்டது. அவர் கேட்டது ஒரு கம்பி. ஒரு பைப்பும் இரண்டு முட்டுக் கல்லும் எந்தப் பராமரிப்புக் கணக்கிலும் அடங்கும். ஆனால் ஒருவருக்குச் செய்தால் தெரு முழுக்கக் கேட்பார்கள் என்று நினைத்தேன். தெரு முழுக்கத் தேவை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த நினைப்பே சாட்சி.

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போகும் விஷயத்துக்காக.

எங்கள் ஊரின் பிரதான சாலை நாலு தடம், நடுவில் தடுப்பு. அரசு மருத்துவமனை வாசலுக்கு நேரே அந்தத் தடுப்பில் ஓர் இடைவெளி இருந்தது. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம், டீக்கடைகள், மெடிக்கல்கள், இட்லி விற்கும் தள்ளுவண்டிகள். நோயாளிக்குத் துணையாக வந்திருப்பவர்கள் காலையிலும் மாலையிலும் ஃபிளாஸ்க்கும் தூக்குமாகக் கடந்து போவார்கள். காலை நேரத்தில் வண்டிகள் தேங்கும். ஹாரன் சத்தம் வார்டு வரை கேட்கும். போக்குவரத்துக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, அந்த இடைவெளியை மூடிவிட வேண்டும், முந்நூறு மீட்டர் தள்ளி சிக்னல் இருக்கிறது, அங்கே போய்க் கடக்கட்டும். யோசனையை எழுத்தில் வைத்தவன் நான்.

அப்போது என் கீழே ஓர் இளம் உதவிப் பொறியாளர் இருந்தார், படித்து முடித்துத் தேர்வெழுதி வந்த பெண். கடப்பிடத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு, ‘பி.வி. ஸ்கொயர்’ என்போம். உச்ச நேரத்தில் மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை, மணிக்கு வரும் வாகனங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள சாலையில் அது இருபது கோடியைத் தாண்டினால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட கடப்பிடம் தேவை என்பது வழிகாட்டியின் கணக்கு. மணிக்கு 1,000 வண்டி வரும் சாலையில் 300 பேர் கடந்தாலே முப்பது கோடி வந்துவிடும்.

அந்தப் பெண் என் அறைக்கு வந்து, “சார், மூடறதுக்கு முன்னாடி ஒரு நாள் பி.வி. ஸ்கொயர் எடுத்துப் பார்த்துடலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்மா. எண்ணினா ஃபைல்ல ஏறிடும்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது அதைத்தான். எண்ணினால் எண் கோப்பில் ஏறும். ஏறிய எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். பாதசாரி சிக்னல் கேட்க வேண்டும், அதற்கு நிதி, காவல்துறையின் சம்மதம், தேங்கும் வண்டிகளுக்கு விளக்கம். எண்ணாவிட்டால் அங்கே கடப்பவர்கள் இல்லை. அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லை.

இடைவெளியை மூடினோம். மார்பளவுக்கு இரும்புக் கம்பி வைத்தோம். வண்டிகள் தடையின்றி ஓடின. சராசரி வேகம் கூடியது என்று அறிக்கையில் ஒரு சாதனையாக எழுதினோம். சில வாரங்களில் யாரோ ஒரு கம்பியை வளைத்து ஆள் நுழையும் சந்து உண்டாக்கினார்கள். வெல்டரை அனுப்பி அடைத்தேன். மறுபடி வளைத்தார்கள். மறுபடி அடைத்தேன். சுகவீனமான ஒருவரைப் படுக்கையில் விட்டுவிட்டு வெந்நீர் வாங்க ஓடுகிறவர், போக அறுநூறு, வர அறுநூறு மீட்டர் நடக்க மாட்டார். அந்த வளைந்த கம்பி நான் எடுக்க மறுத்த கணக்கெடுப்பின் விடை. அதை நாசவேலை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

ஓர் இரவு, கிராமத்திலிருந்து வந்து கணவரை வார்டில் சேர்த்துவிட்டு உடனிருந்த ஒரு பெண் அந்தச் சந்து வழியாகக் கடக்கும்போது, ஒரு குட்டியானை வண்டி அவரை அடித்தது. மருத்துவமனை வாசலிலேயே அடிபட்டும் பிழைக்கவில்லை. நடுத்தடுப்பில் இருக்கும் விளக்குகள் தார்ப் பரப்புக்கு ஒளி தரும்படி நான் அமைத்தவை. கம்பியை ஒட்டி நிற்பவர்மேல் அதன் நிழல் விழும். இடைவெளி இருந்த காலத்தில் வண்டிகள் அங்கே வேகம் குறைத்துத்தான் வரும், ஆள் கடப்பார்கள் என்று ஓட்டுநர்களுக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பை எடுத்தவனும் நான். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், காரின் முன்பக்கம் மோதி நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் சாதனையாக எழுதிய வேகக்கூடுதலின் இன்னொரு முகம் அது.

காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. விபத்து நடந்த இடத்தில் சாலையில் குறைபாடு ஏதும் உண்டா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பதிலை நானே எழுதினேன், வேறு யாரிடமும் விடவில்லை. ‘சாலை நல்ல நிலையில் உள்ளது. தெருவிளக்குகள் எரிகின்றன. மையத் தடுப்பு முறையாக அமைக்கப்பட்டுள்ளது. பாதசாரி கடக்க அனுமதி இல்லாத இடத்தில் கடந்துள்ளார்.’ நாலு வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலும் சேர்ந்து சொன்னது பொய். அந்தப் பெண் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று அரசு முத்திரையோடு நான் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கடிதம் காவல் நிலையத்தோடு முடிந்துவிடாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிடுவார். ஏற்றுக்கொண்டால் இழப்பீட்டில் ஒரு பங்கு கழியும். சாலையில் குறையில்லை என்ற பொறியாளரின் கடிதம் அந்த வாதத்துக்கு வசதியான ஆவணம். அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைத்தது, என் கடிதம் அதில் எவ்வளவை வெட்டியது என்று நான் விசாரித்திருக்கலாம். பதவியில் இருந்தவரை விசாரிக்கவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்த அந்த மனிதருக்குச் செய்தியை யார் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ தரம் தவறி, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை முதலில் படித்தபோது வயிறு கலங்கியது. எங்கள் சம்பவம் அதற்கு முந்தியது என்று தேதியைச் சரிபார்த்துக்கொண்டேன். சரிபார்த்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்று நினைக்கும்போது, கம்பியை வைத்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

நாட்டில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள், நாளுக்குத் தொண்ணூறு பேர் என்ற கணக்கில். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்தச் சாவுகளுக்குக் காரணம் எழுதும் பட்டியலில் அதிவேகம், எதிர்த்திசை ஓட்டம், குடிபோதை, செல்போன் என்று ஓட்டுநர் தவறுகள் வரிசையாக இருக்கும். பொறியாளர் மூடிய இடைவெளி அதில் வராது. வராததற்கு, என்னைப் போன்றவர்கள் எழுதிக் கொடுத்த நாலு வாக்கியங்களும் காரணம்.

எனக்கு யார் எடுத்துச் சொல்லவில்லை என்று பார்த்தால், எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வருபவர்களுக்கு அறுவை செய்துகொண்டே, 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல மனுவோடு போனார். அதிலிருந்துதான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. மருத்துவர் ஒருவர், தம்மிடம் வருகிற நோயாளிகளை உண்டாக்கும் சாலைகளைக் கேள்வி கேட்கத் தலைநகர் வரை போகிறார். அந்தச் சாலைகளை வரைகிற நான் டிராயரில் இருக்கும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதே 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும், நடந்தோ சைக்கிளிலோ போகிறவர் ஒருவரும் சாலையில் சாகாத நிலை வர வேண்டும் என்று எழுதிக்கொண்ட ஆவணம் அது. இந்திய நகரங்களில் முதலாவதாக நம் சென்னை செய்தது. செய்தித்தாளில் படித்தேன். சென்னைக்குச் சரி, நம்மூருக்கு எங்கே என்று தாளை மடித்து வைத்தேன்.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைக்கும் பதில் எளிமையானது, அதனாலேயே வெட்கமானது. கார் வைத்திருப்பவருக்குக் கமிஷனரின் போன் நம்பர் தெரியும். வணிகர் சங்கம் லெட்டர்பேடில் எழுதும். பைக்கில் போகிறவர் பள்ளத்தைப் படம் எடுத்துப் போடுவார். கூடையோடு நடந்து போகிறவர் யாருக்கும் போன் செய்வதில்லை. பள்ளத்தைத் தாண்டிக் கால்வைத்துப் போய்விடுவார். புகார் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்தேன். இன்னொன்றும் உண்டு. வேலையில் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே எனக்கு ஜீப் வந்துவிட்டது. நான் வரைந்த சாலைகளை எல்லாம் ஜீப்பின் முன்சீட்டிலிருந்துதான் பார்த்தேன். அங்கிருந்து பார்க்கும்போது, குறுக்கே வரும் ஆள் எப்போதும் இடைஞ்சலாகத்தான் தெரிவார்.

ஓய்வுக்குப் பிறகு மகளோடு துணி எடுக்கச் சென்னை பாண்டி பஜாருக்குப் போனேன். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம். வண்டிகளிடமிருந்து சாலையின் ஒரு பங்கை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு யோசனை வந்தபோது, கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்தவன் நான். கையில் எந்தக் கணக்கும் இல்லாமல்தான் எதிர்த்தேன். பாண்டி பஜாரில் மகள் கடைக்குள் போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பாட்டிகள் பையை வைத்துவிட்டு இளைப்பாறினார்கள். குழந்தையின் கையை விட்டுவிட்டு ஒரு தாய் போன் பேசினாள். வேறெந்தச் சாலையோரத்திலும் அவள் அந்தக் கையை விட்டிருக்க மாட்டாள். குறைகளும் கண்ணில் பட்டன. ஓர் ஓரத்தில் பைக்குகள் ஏறி நின்றன, டைல்ஸ் பெயர்ந்திருந்தது, பராமரிக்காவிட்டால் இதுவும் கெடும். ஆனாலும் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். நம்மூர் வேறு, நம் மக்கள் வேறு, நம் ரோடு குறுகல் என்று நான் சொல்லிவந்ததெல்லாம் அன்று எனக்கே செல்லுபடியாகாமல் போனது.

ஊர் திரும்பிய பின் மருத்துவமனைக்கு எதிரே உள்ள டீக்கடையில் மாலை உச்ச நேரத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பழைய பையன்களைப் போலவே ஐந்தைந்தாகக் கோடு கிழித்தேன். கம்பி இன்னும் இருக்கிறது, சந்தும் இருக்கிறது. கடந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கையில் பிள்ளையோடு சிலர். சிலர் கம்பியைப் பிடித்தபடி வண்டி குறையக் காத்து நின்று, குறையாததால் கையைக் காட்டிக்கொண்டே இறங்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழிகாட்டி சொல்லும் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அன்றைக்கே அந்த இளம் பொறியாளரின் பேச்சைக் கேட்டு எடுத்திருந்தாலும் தாண்டியிருக்கும். அவர் இப்போது வேறு ஊரில் உயர் பொறுப்பில் இருக்கிறார். போன் செய்து எண்ணைச் சொன்னேன். “அப்பவே தெரியும் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய முதல் ஆள் அவரல்ல என்பது எனக்குத் தெரியும்.

கணக்கெடுப்புத் தாள்களோடு மாநகராட்சி ஆணையருக்கும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் மனு கொடுத்திருக்கிறேன். மருத்துவமனை வாசலில் தடுப்பைத் திறந்து, நடைபாதையின் மட்டத்துக்கே உயர்த்திய கடப்பிடம் போட வேண்டும். நடுவில் சக்கர நாற்காலியோடு நின்று இளைப்பாறும் அகலத்தில் ஒரு திட்டு வேண்டும். கடப்பவர் மேல் விழும்படி விளக்கு வேண்டும். அந்த நீளத்தில் வேகம் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி சாலையின் அமைப்பே தடுக்க வேண்டும், பலகை வைத்தால் மட்டும் போதாது. பாதசாரி சிக்னல் வைத்தால், வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நொடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தை அங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே கடப்பவர்களில் பாதிப் பேர் நோயாளிகளும் முதியவர்களும்.

மனுவோடு நான் அந்நாளில் காவல் நிலையத்துக்கு எழுதிய பதிலின் நகலையும் இணைத்திருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து அதை வாங்க வேண்டியிருந்தது. அதன் கீழே, சாலையில் குறைபாடு இருந்தது, வடிவமைத்தவன் நான், பாதசாரிகளை எண்ண வேண்டாம் என்று தடுத்தவனும் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இழப்பீட்டு வழக்கை மறுபடி திறக்க இது உதவுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். காலம் கடந்திருக்கலாம் என்றார், ஆனாலும் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வழக்கு எண்ணிலிருந்து கிராமத்தின் பெயர் கிடைத்திருக்கிறது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, பதில் வரவில்லை.